முழுகாம இருக்கான்

டாக்டரம்மாவுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. மாட்டுக்கு ஊசி போடும்போது மட்டும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும். ஊசியை எடுத்ததும் போய்விடும். மனிதர்களிடம் சுத்தமாக இல்லை. போனில் எதிராளி பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே மீதியை இவளே முடித்து, பதிலும் சொல்லி, போனையும் வைத்துவிடுவாள். அன்றைக்கு நடந்த கூத்துக்கெல்லாம் அந்தக் குணம்தான் காரணம். அதில் மீன் தொட்டிப் பம்ப்புக்கும் ஒரு பங்கு உண்டு.

மத்தியானம் ஒரு நாயின் காதைக் கழுவிக்கொண்டிருந்தபோது தம்பி கூப்பிட்டான். தம்பிக்கு வேலை கடலோரத்து மீன் காட்சியகத்தில். ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற முன்பக்கத்தில் இல்லை. பின்னால், தொட்டியும் குழாயுமாக எப்போதும் ஈரமாகக் கிடக்கிற ஒரு அறையில். அங்கே அவன் கடல்குதிரை வளர்க்கிறான். வீட்டில் அவனுக்குப் பெயரே குதிரைக்காரன். அந்த அறையில் பம்ப் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அதன் பக்கத்திலேயே நின்று பேசுவது அவனுக்குப் பழக்கம், கேட்கிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

"அக்கா, கேக்குதா? முழுகாம இருக்கான்! சீக்கிரம் வா!"

பேச்சில் கடைசி 'ன்'னை யார் முழுசாகச் சொல்கிறார்கள்? மூக்கில் பட்டும் படாமலும் போய்விடும். "இருக்கான்"க்கும் "இருக்கா"வுக்கும் நடுவில் இருப்பது அந்த மூக்குச் சத்தம் ஒன்றுதான். அதையும் பம்ப் தின்றுவிட்டது. டாக்டரம்மா காதில் விழுந்தது, "முழுகாம இருக்கா." முழுகாமல் இருக்கிறாள் என்றால் தமிழ் தெரிந்த யாருக்கும் ஒரே அர்த்தம். தம்பி பெண்டாட்டி கர்ப்பம்! கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து!

"எப்ப இருந்துடா?" என்று கத்தினாள்.

"காலையில இருந்து! ஒண்ணுமே சாப்பிடல. வயிறு வேற உப்பிக் கிடக்கு!"

"வயிறு தெரியுற வரைக்கும் வாயைத் திறக்காம இருந்தீங்களாடா? அடப்பாவிகளா! இதோ வர்றேன்."

தம்பி இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். டாக்டரம்மா போனை வைத்துவிட்டாள். வைத்த கையோடு அப்பாவைக் கூப்பிட்டாள்.

அப்பா தையல்காரர். தம்பி பிறந்த பத்தாம் நாள் அம்மா இறந்துபோனாள். அப்போது டாக்டரம்மாவுக்கு எட்டு வயசு. குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. ஒரு பழைய போர்வையை வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, தோளில் மாட்டிக்கொள்ள ஒரு பை தைத்தார். குழந்தையை அதில் போட்டு மார்பில் மாட்டிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்துவிட்டார். கால் மிதிக்கும், கை துணியைத் தள்ளும், பைக்குள் தம்பி தூங்குவான். மிஷின் நின்றால் அலறுவான். இன்றைக்கும் பம்ப் இரைச்சலில்தான் அவனுக்குத் தூக்கம் வரும் என்பது குடும்பத்தில் ஓயாத கிண்டல்.

"அப்பா, தாத்தா ஆகப்போறீங்க!" என்றாள் டாக்டரம்மா. அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றது. பிறகு அப்பா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இவளுக்கும் கண் கலங்கிவிட்டது. கிளினிக்கைப் பூட்டி, வழியில் ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டினாள். மருந்துப் பை கிளினிக் மேஜை மேலேயே இருந்தது. இனிப்புச் சாப்பிட மருந்துப் பை எதற்கு?

ஈர அறைக்குள் நுழைந்ததும் நேராகத் தம்பி பெண்டாட்டியைக் கட்டிப்பிடித்து, கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள். அவளுக்கும் அதே அறையில்தான் வேலை; குதிரைகளுக்குத் தீனியாக இறால் குஞ்சு வளர்க்கிறவள். முழங்கை வரை நனைந்த கையில் ஒரு தீனிப் பாட்டில். அதைக் கீழே போடாமல் காப்பாற்றுவதே அவளுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

"என்ன அண்ணி, என்ன விசேஷம்?"

"விசேஷமா? என்கிட்டயே கேக்கிறியா! உட்காரும்மா முதல்ல. இப்படி நின்னுக்கிட்டே வேலை செய்யலாமா?"

தம்பி தொட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். இனிப்புப் பெட்டியைப் பார்த்தான். அக்காவின் இன்னொரு கை காலியாக இருப்பதையும் பார்த்தான்.

"பை எங்கக்கா?"

"எந்தப் பை?"

"மருந்துப் பை! ஊசி, குழாய் எல்லாம் எடுத்துட்டு வரச் சொன்னேனே. முழுகாம இருக்கான்னு சொன்னேனே!" என்று தொட்டியைக் காட்டினான்.

தொட்டியின் மேல்மட்டத்தில் ஒரு கடல்குதிரை மிதந்துகொண்டிருந்தது. உள்ளங்கை நீளம்கூட இல்லை. தலையைக் கீழே தள்ளித் தள்ளி முழுகப் பார்க்கிறது. உப்பின வயிறு அதைத் திரும்பத் திரும்ப மேலே கொண்டுவந்து விடுகிறது. காலையிலிருந்து இதே போராட்டம்.

டாக்டரம்மாவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கோபம் தலைக்கேறியது. "ஒரு மீனுக்காடா? மீன் தண்ணியில முழுகலேங்கிறதுக்கா நான் கிளினிக்கைப் பூட்டிட்டு ஓடி வந்தேன்? மிதக்குதுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே! அப்பாகிட்ட வேற சொல்லிட்டேன்டா, பாவி!"

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் பெண்டாட்டிதான் முதலில் சிரித்தாள். சிரித்து முடித்து, பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டு, டாக்டரம்மாவின் கையைப் பிடித்தாள். "அண்ணி, அந்த ஆசையை நாங்க ரெண்டு பேரும் எப்பவோ பேசி முடிச்சிட்டோம். எங்களுக்கு அதுல வருத்தம் இல்ல. நீங்களும் விட்டுடுங்க. இப்ப இவனைப் பாருங்க, ப்ளீஸ்."

ஆறு வருஷமாகப் பார்க்கும்போதெல்லாம் "ஏதாவது உண்டா?" என்று கேட்டவள் டாக்டரம்மா. அவள் இனிப்புப் பெட்டியை அலமாரியில் வைத்தாள்.

தம்பி அவசர அவசரமாகச் சொன்னான். இந்தக் குடாவில் ஒரு காலத்தில் கடல்புல் வயல் மாதிரி மண்டிக் கிடந்தது. இழுவலை போட்டு இழுத்து இழுத்து அதை வழித்தெடுத்துவிட்டார்கள். வலையில் மாட்டிய குதிரைகளைக் காயவைத்து மருந்து என்று விற்றார்கள். காட்சியக ஆட்கள் புல்லைத் திரும்ப நட்டார்கள், ஒவ்வொரு கன்றாக, முழுகி முழுகி. புல் பிடித்துக்கொண்டது. புல் இருக்கிறது, குதிரை இல்லை. போன வருஷம் ஒரு மீனவர் வாளியில் இந்த ஒரு ஜோடியை உயிரோடு கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு எந்த வலையிலும் ஒன்றுகூட வரவில்லை.

"இவன் போயிட்டா, இந்தக் குடாவோட குதிரையே போச்சுக்கா. அவ்வளவுதான்," என்றான். குரல் உடைந்திருந்தது. "வயித்து மேல இருக்கிற பையில காத்து பிடிச்சிருக்கு. கீழே போகலேன்னா சாப்பிட முடியாது. இவனுக்கு இரைப்பைன்னு ஒண்ணு கிடையாது, அப்பப்ப சாப்பிட்டாத்தான் உயிர். ராத்திரி தாங்க மாட்டான்."

"காத்துதானே? வெளியே எடுத்துட்டா ஆச்சு," என்றாள் டாக்டரம்மா. உப்பிய மாட்டு வயிற்றில் காற்றை எடுத்து எடுத்துக் கை பழகியவள்.

"அவசரப்படாதீங்க அண்ணி. உள்ளே குட்டிங்க இருக்கு."

"குட்டியா? இது ஆண்னு சொன்னீங்க?"

"ஆண்தான். இவங்கள்ல சுமக்கிறது ஆம்பளைதான்."

இதை டாக்டரம்மா படித்ததுண்டு. கல்லூரியில் ஏதோ ஒரு பக்கத்தில், பரீட்சைக்காக. படிப்பது வேறு, ஒருவன் வயிற்றோடு கண் முன்னால் மிதப்பது வேறு. தம்பி அவனை மெதுவாகக் கையில் ஏந்தித் தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்தான். அவன் வாலைத் தம்பியின் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டான். டாக்டரம்மா கண்ணாடிக்கு வெளியே குனிந்து போன் வெளிச்சத்தைப் பைக்குப் பின்னாலிருந்து அடித்தாள்.

பை விளக்கு மாதிரி எரிந்தது. மேல் பாதி வெறும் வெளிச்சம்; அது காற்று. கீழ்ப் பாதியில் கறுப்புப் புள்ளிகள், இரண்டிரண்டாக, நூற்றுக்கணக்கில். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தனை புள்ளியும் நகர்ந்தன. வெளிச்சம் வந்த பக்கம் திரும்பின.

"அம்மாடி," என்றாள் டாக்டரம்மா. "கண்ணுடா. எல்லாம் கண்ணு."

எத்தனையோ கன்றுகளை இந்தக் கையால் வெளியே இழுத்திருக்கிறாள். ஆனால் பிறக்காத பிள்ளைகள் உள்ளேயிருந்து தன்னைப் பார்ப்பதை அவள் பார்த்ததில்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை.

"பையை அமுக்கினா காத்தோட இவங்களும் வந்துடுவாங்க," என்றாள் தம்பி பெண்டாட்டி. "வெளியே வர்ற பக்குவம் ஆயிடுச்சான்னு தெரியல. ஆகலேன்னா ஒண்ணுகூடப் பிழைக்காது."

மருந்துப் பையை எடுத்துவர ஊரின் அடுத்த கோடிக்குப் போய்த் திரும்ப வேண்டும். குதிரையின் செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவனுடைய ஒரு கண் டாக்டரம்மாவையே பார்த்தது. இன்னொரு கண் தனியாகச் சுழன்று தொட்டியின் மூலையைப் பார்த்தது. அங்கே பெண் குதிரை ஒரு பிளாஸ்டிக் புல்லைப் பிடித்துக்கொண்டு நின்றது. காலையிலிருந்து அது அவனிடம் மேலே போவதும், அவன் வாலைப் பிடித்துக் கீழே இழுப்பதும், முடியாமல் இறங்குவதுமாக இருந்ததாம்.

"பை வாய் எங்க இருக்கு?" என்றாள் டாக்டரம்மா.

"மேல. நெஞ்சுக்குக் கீழ, சின்னக் கீறல் மாதிரி."

"காத்தும் மேலதான் நிக்குது. அப்ப எதுக்கு அமுக்கணும்? வாயைத் திறந்து பிடிச்சா அதுவே போயிடும். மாடோ மீனோ, காத்து மேலதான் போகும்." தலையிலிருந்து ஹேர்பின்னை உருவினாள். நுனியில் பிளாஸ்டிக் பொட்டு வைத்த மொண்ணைப் பின். கொதிநீரில் போட்டு எடுத்து, கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு தொட்டிக்குள் விட்டாள். அந்தப் பொறுமை அவள் கைக்கு வந்துவிட்டது. கன்றோ குதிரையோ, அதற்கு வித்தியாசம் தெரியாது.

பின் நுனி கீறலுக்குள் ஒரு மயிரிழை நுழைந்தது. அவன் துடிக்கவில்லை. ஒரு குமிழி வந்தது, மேலே போய் உடைந்தது. இன்னொன்று. மூன்றாவது குமிழியோடு வேறு ஏதோ வந்தது.

"ஐயோ, குட்டி," என்றாள் தம்பி பெண்டாட்டி.

நகக்கண் அளவு ஒரு துரும்பு. அசையாமல் தண்ணீரில் சுழன்றது. கொன்றுவிட்டேனா? அவசரக்குடுக்கை, கடைசியில் கொன்றேவிட்டேனா? துரும்பு சுழன்று சுழன்று ஹேர்பின் பக்கம் வந்தது. வந்து, நிமிர்ந்தது. அதற்கு முகம் இருந்தது. குதிரை முகம். கிரீடம், நீண்ட மூக்கு, முதுகில் விசிறி போல ஒரு துடுப்பு, எதிலும் குறை கிடையாது. பெருவிரல் நகத்தில் அடங்குகிற ஒரு முழுக் குதிரை. அது தன் வாலை நீட்டி, ஹேர்பின்னைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டது.

"பிடிச்சுக்கிச்சு," என்றாள் டாக்டரம்மா கிசுகிசுப்பாக. "டேய், என்னைப் பிடிச்சுக்கிச்சுடா."

"வயித்துல கருப்பை ஒட்டல அக்கா, சுத்தமா இருக்கு. பக்குவம் ஆயிடுச்சு!" தம்பி அழுதுகொண்டே சிரித்தான். அவசரத்தில் எதை எதுவென்று சொல்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. அவன் பெண்டாட்டி திருத்தினாள்: "கருவுணவுப் பை, கருப்பை இல்ல. அது தீர்ந்துட்டாத்தான் குட்டி தானாச் சாப்பிடும்." யார் கேட்டார்கள்? டாக்டரம்மா கையை அசைக்கப் பயந்து அப்படியே நின்றாள். மரத்துப்போகிற வரை நின்றாள். அந்தத் துளி உயிருக்கு அவள் ஹேர்பின்தான் முதல் பிடிமானம்.

காற்று முழுக்கப் போனதும் தம்பி விரலைத் தளர்த்தினான். மிதந்தவன் இறங்கினான். கல் மாதிரி விழவில்லை. படியிறங்குகிற மாதிரி நின்று நின்று, அடித்தரை வரை போனான். பெண் குதிரை மூலையிலிருந்து வந்தது. வந்தவுடன் அதன் நிறம் வெளுத்தது. அவன் நிறமும் வெளுத்தது. இரண்டும் ஒரே புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு, அதைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் வந்தன. தினமும் காலையில் செய்கிற வணக்கமாம் அது. இன்றைக்கு விட்டுப்போனதை இப்போது செய்கின்றன.

"முழுகிட்டான்," என்றாள் டாக்டரம்மா.

அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமே என்ற ஞாபகம் வந்தது. "நீதானே சொன்னே, நீயே சொல்லு," என்று தம்பி கழன்றுகொண்டான். சிங்கம் மாதிரி கத்துகிற டாக்டரம்மா அன்று போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்து, கடைசியில் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அவளை முந்திக்கொண்டு அப்பாவே ஈர அறைக்கு வந்துவிட்டார். பொழுது விடிந்த கையோடு, முதல் பஸ் பிடித்து. டாக்டரம்மாவும் அப்போதுதான் வந்திருந்தாள். அப்பாவின் கக்கத்தில் ஒரு துணிப்பொட்டலம், முகமெல்லாம் சிரிப்பு. மருமகளைப் பார்த்ததும் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். புதுத் துணியில் ஒரு பை. தோளில் மாட்ட வார், இரட்டைத் தையல், குழந்தையின் கழுத்துப் பக்கம் மெத்தென்று பஞ்சு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து தைத்திருக்கிறார்.

"இவனைச் சுமந்த அதே அளவும்மா. இப்ப கண்ணு சரியாத் தெரியல, தையல் கொஞ்சம் கோணிடுச்சு," என்றார்.

டாக்டரம்மா முன்னால் வந்தாள். "அப்பா, என் காதுல தப்பா விழுந்துடுச்சுப்பா. இவளுக்கு ஒண்ணும் இல்ல. அவன் சொன்னது மீனை. நான்தான் அவசரப்பட்டு..."

அப்பா அவளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். சிரிப்பு உடனே போகவில்லை. போக வழி தெரியாமல் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பையை நாலாக மடித்தார். "சரி, விடும்மா. துணிதானே," என்றார். அவர் திட்டியிருந்தால் டாக்டரம்மாவுக்குத் தாங்கியிருக்கும்.

மருமகள்தான் அவர் கையைப் பிடித்துத் தொட்டியருகே கூட்டிவந்தாள். "முழுகாம இருந்தது இவன் மாமா. நேத்துக் காலையிலேருந்து ஒரே போராட்டம்."

"இவனா? ஆம்பளையா?"

"ஆம்பளைதான். பொம்பளை முட்டையை இவன்கிட்டக் குடுத்துடும். அப்புறம் எல்லாம் இவன் பாடு. மூச்சு குடுக்கிறது, சத்து குடுக்கிறது எல்லாம். வெளியே போனா கடல் உப்பு தாங்கணுமேன்னு உள்ளே இருக்கிற தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா உப்பாக்கிப் பழக்கியும் விடுறான்."

"எதுல வெச்சுச் சுமக்கிறான்?"

"வயித்துல ஒரு பை இருக்கு மாமா."

"பையா?" என்றார் அப்பா. மடித்த துணி அவர் கைக்குள் இறுகியது.

அப்போதுதான் தம்பி, "ஆரம்பிச்சுட்டான்," என்றான். ஓடிப்போய்ப் பம்ப்பை நிறுத்தினான், குட்டிகள் குழாய்க்குள் இழுபடக் கூடாதென்று. அந்த அறையில் டாக்டரம்மா கேட்டே இராத அமைதி வந்தது. குதிரை புல்லை வாலால் இறுகப் பிடித்தது. உடம்பை முன்னால் மடக்கியது, நிமிர்ந்தது, மறுபடி மடக்கியது. பை வாய் திறந்தது. ஒரு புகை மாதிரி வெளியே வந்தது. அந்தப் புகை முழுக்கக் குதிரைகள்.

மறுபடி மடங்கினான், மறுபடி ஒரு மேகம். ஒவ்வொன்றும் நிமிர்ந்துகொண்டே மேலே போனது. தண்ணீர் மட்டத்தில் ஒரு வாய்க் காற்றுக் குடித்தது. ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஆடியது. ஜன்னல் வழியாக வந்த காலை வெயிலில் தொட்டி முழுவதும் பொடிப்பொடியாக உயிர் மினுங்கியது. யாரும் எண்ணவில்லை, எண்ணவும் முடியாது. மாடு, நாய், ஆடு என்று எத்தனையோ பிரசவம் பார்த்த டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒரு சின்ன உடம்புக்குள் இவ்வளவு பேர் இருந்தார்களா? கடல் தனக்குத் திரும்ப வேண்டியதையெல்லாம் இவன் ஒருவன் வயிற்றில் கட்டிக்கொடுத்திருந்ததா?

கடைசியாக ஒன்றிரண்டு வந்ததோடு நின்றது. பை சுருங்கித் தொங்கியது. அவன் புல்லில் சாய்ந்தான், நிறமெல்லாம் மங்கிப்போய். எல்லோரும் மேலே குட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் கண்ணாடியில் நெற்றி முட்டக் குனிந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் சாப்பிட்டானா?" என்று கேட்டார்.

தம்பி குட்டிகளிடமிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தான்.

"நேத்தியிலேருந்து போராடியிருக்கான்னு சொன்னீங்களே. குட்டிங்களை நீங்க பார்த்துக்குவீங்க. பெத்தவனுக்கும் பசிக்குமில்ல? ஏதாவது குடுங்கடா."

மருமகள் பாட்டிலோடு ஓடினாள். இறால் குஞ்சுகளைக் குழாயால் அவன் முகத்தருகே மெதுவாக விட்டாள். அவன் அசையவில்லை. ஒரு கண் மட்டும் சுழன்றது. பிறகு அந்த அமைதியில், கண்ணாடிக்கு வெளியே எல்லோருக்கும் கேட்கும்படி, 'டிக்' என்று ஒரு சத்தம். நூல் அறுந்த மாதிரி. குஞ்சு ஒன்று மூக்குக்குள் போய்விட்டது. மறுபடி, 'டிக்.'

"சாப்பிடுறான்," என்று அப்பா தலையாட்டினார்.

டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு வயசில் அவள் அந்த வீட்டில் இருந்தாள். தம்பி பால் குடித்தானா என்று எல்லோரும் கேட்டார்கள். இவள் பள்ளிக்கூடம் போகும்போது சாப்பிட்டாளா என்று கேட்டார்கள். மார்பில் பையோடு மிஷினை மிதித்த அந்த மனுஷரிடம் அதை ஒருத்தரும் கேட்டதில்லை. இவளும் கேட்டதில்லை. முதல் பஸ்ஸில் வந்தவரிடம் இன்றைக்கும் கேட்கவில்லை.

"அப்பா, நீங்க சாப்பிட்டீங்களா?"

அவர் திரும்பிப் பார்த்தார். என்ன கேட்கிறாள் என்று புரியாத மாதிரி. "எனக்கென்னம்மா," என்றார்.

நேற்று வாங்கிய இனிப்புப் பெட்டி அலமாரியில் நூல்கூடப் பிரிக்காமல் இருந்தது. டாக்டரம்மா அதைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இது எதுக்கு இப்ப?"

"ஒரு அப்பன் பிள்ளை பெத்ததுக்கு," என்றாள்.

அப்பா ஒன்றை எடுத்து இரண்டாக விண்டார். பெரிய துண்டை, பழக்கத்தில், தம்பி பக்கம் நீட்டினார். டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பி அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.